பாதி வசனம்: டிராகுலா நாவலை நாம் எப்படி வாசிக்கலாம்?

ஊவா மலையில் வளரும் பிள்ளைக்கு டிராகுலா பிரபுவின் கோட்டையை விளங்கப்படுத்தப் பெரிதாகப் பாடுபட வேண்டியதில்லை. மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் லயம், நடுவில் பகலிலேயே இறங்கிவிடும் பனிமூட்டம். ஹப்புத்தளையில் 1931இல் கட்டப்பட்ட அடிசம் மாளிகை, இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள பழைய கோட்டையொன்றின் சாயலில் எழுந்தது. இன்று அங்கே கத்தோலிக்கத் துறவிகள் இருக்கிறார்கள். பதுளை நகரின் சென் மார்க்ஸ் தேவாலயமோ, 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டுக் கொன்றவர் அவர். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் இடி விடவில்லை என்று இன்றும் சொல்வார்கள். ஐரோப்பாவில் இந்த மாதிரியான சங்கதிகளை வைத்துத்தான் கோதிக் நாவல் எழுதினார்கள். நமக்கு இது சும்மா ஊர்க்கதை.

ஆகவே பயத்தை விளங்கிக்கொள்வதில் நம் பிள்ளைகளுக்குச் சிரமமில்லை. சிரமம் சிலுவையில்தான். பதுளையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த நாவலை வாசிக்கக் கொடுத்தால், “சேர், இது அவங்கட மார்க்கத்தைப் பரப்புற புத்தகமாமே, வாப்பா வேணாமெண்டு சொல்றார்” என்று யாராவது வந்து நிற்பது வழக்கம். வாப்பா சொல்வதைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. சிலுவை, ஜெபமாலை, தேவாலயத்தில் கொடுக்கும் நற்கருணை அப்பம் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறதே.

பிராம் ஸ்டோக்கர் 1847இல் டப்ளின் நகருக்கு அருகே பிறந்தவர், புரட்டஸ்தாந்துக் குடும்பம். நாவல் 1897 மே மாதம் லண்டனில் வெளிவந்தது. ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் சட்டத்தரணி, வீடு வாங்கும் காரியமாக டிரான்சில்வேனியாவுக்குப் போகிறான். வழியில் தங்குமடத்துக்காரி தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிடுகிறாள். அவனுக்கோ பெரும் சங்கடம். இப்படியான பொருள்கள் சிலை வணக்கத்தின் வாடையுள்ளவை என்று அவனுடைய திருச்சபை அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் வாங்கிக்கொள்கிறான்.

இந்தக் காட்சியை நாம் தினமும் காண்கிறோம். பள்ளிவாசல் வாசலில், தொழுகை முடிந்து வருபவர்களிடம் ஓதி ஊதச் சொல்லி, தோட்டத்து அம்மாக்கள் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். லயத்தில் மாடசாமியைக் கும்பிடுகிறவர்கள்தான், தேயிலைத் தொழிற்சாலையில் ரோதைமுனிக்குப் படையல் வைக்கிறவர்கள்தான். அவர்களுக்குத் தேவை பிள்ளை சுகப்படுவது. சங்கடப்படுகிறவர்கள் படித்தவர்களாகிய நாம். இசிம் கட்டலாமா கூடாதா என்று நமக்குள் நடக்கிற வாதத்தை இங்கே தீர்க்க நான் வரவில்லை. ஆனால் ஹார்க்கரின் கூச்சம் அந்த வாதத்தின் அயல்வீட்டுப் பிள்ளை என்பது வாசித்தால் விளங்கும். பொருளுக்குள் சக்தி இருக்கிறதா, அல்லது அதைக் கொடுத்தவளின் அன்பிலா என்று அவனே நாட்குறிப்பில் யோசிக்கிறான். நாவல் அதற்குப் பதில் சொல்லவில்லை.

மார்க்கம் தெரிந்த வாசகர் நின்று பார்க்க வேண்டிய இடம் ரென்பீல்ட் என்ற பாத்திரம். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டிருக்கும் அவன் ஈயைப் பிடித்துத் தின்கிறான், பிறகு சிலந்தியை, பிறகு குருவியை. ஒருநாள் வைத்தியரின் கையை வெட்டி, தரையில் சிந்திய இரத்தத்தை நக்குகிறான். இரத்தமே உயிர் என்று அவன் சொல்வது பைபிளின் உபாகமம் 12ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. ஆனால் அங்கே அந்த வசனம் வருவது தடையாக: இரத்தத்தில் உயிர் இருப்பதால் அதை உண்ணாதே என்கிறது. ரென்பீல்ட் கட்டளையை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறான். தொழுகையை நெருங்காதீர்கள் என்பதோடு நிறுத்தி, போதையில் இருக்கும்போது என்பதை விழுங்கிவிடுகிறவனைப் பற்றி நாம் பகிடியாகச் சொல்வோமே, அதே வேலைதான்.

ஓடும் இரத்தம் ஹராம் என்பது நமக்கு மத்ரஸாப் பாடம். ஸூரத்துல் பகரா 173, அல்அன்ஆம் 145 ஆகிய வசனங்கள் அதைச் சொல்கின்றன. அல்ஹஜ் 37ஆம் வசனமோ, குர்பான் பிராணியின் இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, உள்ளச்சமே சென்றடைகிறது என்ற கருத்தைத் தருகிறது. இந்தப் பழக்கத்தோடு வாசிக்கிறவருக்கு டிராகுலா செய்யும் பாவம் உடனே பிடிபடும். மினா என்ற பெண்ணைத் தன் மார்பிலிருந்து இரத்தம் குடிக்க வைக்கிறான் அவன். கிறிஸ்தவரின் நற்கருணைச் சடங்கைத் தலைகீழாக்கும் காட்சி அது. ரென்பீல்ட் வசனத்தைப் பாதியாக்கினான். எஜமான் சடங்கையே புரட்டிவிட்டான். வேதத்தைத் திருகுகிறவன் எப்படி இருப்பான் என்று காட்டும் நாவலை, வேதத்தைப் பரப்பும் நாவல் என்று மட்டும் ஒதுக்கினால் இந்த நுட்பம் கைநழுவிவிடும்.

மண்ணின் விசயமும் இப்படித்தான். பிரபு லண்டனுக்கு வரும்போது சொந்த ஊர் மண்ணை 50 பெட்டிகளில் கொண்டு வருகிறான். அதில்தான் அவனுக்கு உறக்கம். தமிழ்நாட்டுக் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து வேறிடத்தில் கோயில் எழுப்பும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. மலையேறி வந்தவர்கள் ஊர்மண்ணைப் புனிதமாக வைத்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, வந்த மண்ணும் சொந்தமில்லை என்றானவர்கள் அவர்கள். பிரபுவோ புனித மண்ணைப் பதுங்குகுழியாக்குகிறான். அதனால்தான் பேராசிரியர் வான் ஹெல்சிங் அந்தப் பெட்டிகளில் அப்பத்தை வைக்கிறார்.

வயிறு நிறைந்து படுத்திருக்கும் பிரபுவை ஸ்டோக்கர் அட்டைக்கு ஒப்பிடுகிறார். மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள், அட்டை கடித்தது தெரியாது, இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும் என்பார்கள். மூலதனத்தை இரத்தம் குடிக்கும் பேயாக மார்க்ஸ் 1867இலேயே எழுதிவிட்டார். தேயிலைச் சாயத்தில் தொழிலாளியின் இரத்தத்தைக் காணும் நம் மலையக எழுத்துக்கு டிராகுலா தூரத்து உறவுதான்.

இனி துருக்கியர் விசயம். துருக்கியரோடு போரிட்ட பரம்பரை தன்னுடையது என்று பிரபு ஹார்க்கரிடம் பெருமையடிக்கிறான். ஸ்டோக்கர் பெயரை எடுத்தது 15ஆம் நூற்றாண்டின் வாலாச்சிய ஆட்சியாளர் மூன்றாம் விளாட் என்பவரிடமிருந்து. சிறுவயதில் தம்பி ராதுவோடு உஸ்மானியரிடம் பணயமாக இருந்தவர். 1462இல் சுல்தான் இரண்டாம் முஹம்மதின் படைப்பாசறையை இரவில் தாக்கியவர். எதிரிகளைக் கழுவேற்றியதால் துருக்கியர் அவரைக் கழுவேற்றி என்றே அழைத்தார்கள். சிலுவைக்காகப் போரிட்ட வம்சம் என்று சொல்கிறவன் கடைசியில் சிலுவையைக் கண்டு பின்வாங்குகிறான். இந்த முரணை ஸ்டோக்கர் எங்கும் விளக்கவில்லை, விளக்காதது நல்லது.

1928இல் துருக்கிய எழுத்தாளர் அலி ரிஸா ஸெய்பி இந்த நாவலை ‘கஸிக்லி வொய்வொதா’, அதாவது கழுவேற்றி இளவரசன், என்ற பெயரில் தழுவி எழுதினார். கதை இஸ்தான்புலுக்கு வந்தது, சிலுவையின் இடத்தில் குர்ஆன் வந்தது. 1953இல் அதைத் திரைப்படமாக்கியபோது வெள்ளைப்பூண்டே போதுமென்று விட்டுவிட்டார்கள். துருக்கிய வாசகருக்கு அந்த மாற்றம் ஆறுதலாக இருந்திருக்கலாம். என் பார்வையில் அது ஒரு நட்டம். சிலுவை இருந்த இடத்தில் நம் வேதத்தை வைத்தால், பிறர் நம்பிக்கையின் பொருளைக் கையில் வாங்கிய ஹார்க்கரின் சங்கடம் கதையிலிருந்து போய்விடுகிறது.

திரைப்படம் மட்டும் பார்த்தவர்கள், டிராகுலாவை முடிப்பது சூரிய ஒளி என்றோ சிலுவை என்றோ நினைப்பார்கள். நாவலில் நவம்பர் 6ஆம் திகதி, பொழுது மறையும் நேரம், ஹார்க்கரின் கையிலிருப்பது நேபாளத்துக் குக்ரிக் கத்தி. அமெரிக்க நண்பன் குவின்ஸியிடம் வேட்டைக் கத்தி. ஒன்று கழுத்தில், மற்றது நெஞ்சில். அப்பத்தை நெற்றியில் வைத்தபோது மினாவுக்குச் சுட்ட தழும்பு அந்தக் கணமே மறைகிறது, யாரும் எதையும் அதில் வைக்காமலே. காயம்பட்டுக் கிடக்கும் குவின்ஸி அந்த நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறான்.