குருவியை எறிந்த கணக்குப்புலி!

ஒரு கவண். அதில் ஒரு சிவப்புக் குருவி. இழுத்து விட்டால் "விர்" என்று பறக்கிறது. மரப்பலகையில் மோதுகிறது. பலகை சரிகிறது. மேலே இருந்த கல் உருண்டு, பச்சைப் பன்றியின் தலையில் விழுகிறது.

பன்றி காலி!

இதுதான் "ஆங்கிரி பேர்ட்ஸ்" என்ற விளையாட்டு. பின்லாந்து நாட்டில் உள்ள ரோவியோ கம்பெனி, 2009-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இதை வெளியிட்டது. அதற்கு முன் 51 விளையாட்டுகளைச் செய்து பார்த்த கம்பெனி அது. மூழ்கும் நிலையில் இருந்தது. குருவி வந்து தூக்கி நிறுத்தியது!

பலகை எந்தப் பக்கம் சரியவேண்டும், கல் எவ்வளவு வேகமாக உருளவேண்டும் என்று கணக்குப் போட்டது யார் தெரியுமா? பின்லாந்துக்காரர் அல்ல. அமெரிக்காவில் இருக்கும் எரின் காட்டோ!

கூட்டத்தில் எழுந்தார்

காட்டோ 2007-ம் ஆண்டு "பாக்ஸ் டூ டி" என்ற புரோகிராமை எழுதி, இலவசமாக வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காசு தரவேண்டாம். "பெயரைப் போட்டால் சந்தோஷம். போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை." இவ்வளவுதான் அதன் சாரம்.

ரோவியோ எடுத்துக்கொண்டது. பெயரைப் போடவில்லை.

2011-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் விளையாட்டு தயாரிப்பாளர்கள் மாநாடு நடந்தது. ரோவியோ அதிகாரி மேடையில் பேசினார். கேள்வி நேரம் வந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். குருவிக்கு எந்த பிசிக்ஸ் என்ஜினைப் போட்டீர்கள் என்று கேட்டார். பாக்ஸ் டூ டி என்று பதில் வந்தது. அப்படியானால் அதன் பெயரை விளையாட்டில் போடுவீர்களா என்று மறுபடி கேட்டார். அதிகாரி சரி என்றார். கேட்டவர் யார்? சாட்சாத் காட்டோவேதான்!

சட்டப்படி ரோவியோ செய்தது தவறு இல்லை. ஆனாலும், ஊரான் வீட்டு மாட்டில் பால் கறந்தவன் ஒரு வார்த்தை நன்றி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கண் இல்லாத என்ஜின்

வீட்டில் இருந்தபடி பொழுதுபோக்காக விளையாட்டு தயாரிக்க நினைப்பவர்கள் இரண்டு என்ஜின்களைத் தெரிந்துகொள்ளவேண்டும். என்ஜின் என்றதும் ரெயில் என்ஜினை நினைக்காதீர்கள். இரண்டும் புரோகிராம்கள்தான்.

ஒன்று, கிராபிக்ஸ் என்ஜின். படம் காட்டுவது இதன் வேலை. நிறம், நிழல், வெளிச்சம் எல்லாம் இதன் பொறுப்பு.

மற்றொன்று, பிசிக்ஸ் என்ஜின். இதற்குக் கண் கிடையாது! குருவி சிவப்பா, நீலமா என்று தெரியாது. இதைப் பொறுத்தவரை குருவி ஒரு வட்டம். பலகை ஒரு நீள்சதுரம். எடை என்ன, வேகம் என்ன, எது எதில் இடித்தது என்று மட்டும் பார்க்கும். நொடிக்கு 60 தடவை கணக்குப் போட்டு, "குருவி இப்போது இங்கே இருக்கிறது" என்று சொல்லும். அந்த இடத்தில் மற்ற என்ஜின் படத்தை வைக்கும்.

மாயமான சுவர்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 600 மீட்டர் பாய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 60-ஆல் வகுத்தால் 10 மீட்டர். முதல் கணக்கில் குண்டு சுவருக்கு 5 மீட்டர் முன்னால் இருக்கிறது. அடுத்த கணக்கில் 5 மீட்டர் பின்னால் இருக்கிறது. நடுவில் சுவர் இருந்ததே என்ஜினுக்குத் தெரியாது!

நல்ல என்ஜின், பொருள் போகும் வழியையும் சேர்த்துப் பார்க்கும். பாக்ஸ் டூ டி, அசையாத சுவர் என்றால் தானாகவே இதைப் பார்த்துக்கொள்ளும். அசையும் பலகை என்றால், "இது குண்டு" என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும்.

புதிதாக வருபவர்கள் வேறொரு இடத்திலும் சறுக்குவார்கள். பாக்ஸ் டூ டி, மீட்டரில் கணக்குப் போடுகிறது. திரையில் 50 புள்ளி அகலம் உள்ள குருவியை, அப்படியே 50 என்று கொடுத்தால் என்ன ஆகும்? அது 50 மீட்டர் குருவி! பதினைந்து மாடி உயரம்! ஆடி அசைந்துதான் கீழே விழும். பூமியின் இழுப்பு சரியில்லை என்று பையன் தலையைச் சொறிவான். அசையும் பொருள்களை 10 சென்டிமீட்டருக்கும் 10 மீட்டருக்கும் இடையில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

எதை எடுக்கலாம்?

இரண்டு என்ஜினையும் தனித்தனியே வாங்கி முடிச்சுப் போடுவது பெரும் பாடு. இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. யூனிட்டியில் தட்டை விளையாட்டுக்கு பாக்ஸ் டூ டி-யே உள்ளே இருக்கிறது. ஆனால் அது ஒரு கம்பெனியின் சொத்து. 2023-ம் ஆண்டு செப்டம்பரில், குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டியவர்கள் ஒவ்வொரு புதிய பதிவிறக்கத்துக்கும் கட்டணம் தரவேண்டும் என்று திடீரென்று அறிவித்தார்கள். பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ஒரு வருடம் கழித்து அதை ரத்து செய்தார்கள்.

கோடோ என்ற என்ஜினில் அந்தப் பயம் இல்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் உண்டாக்கியது. 2014-ம் ஆண்டு முதல் எல்லோருக்கும் இலவசம். 2025-ல் வந்த 4.4 பதிப்பில், முப்பரிமாண விளையாட்டுகளுக்காக ஜோல்ட் என்ற பிசிக்ஸ் என்ஜினையும் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் இலவசம்தான். புதியவர்களுக்கு என் ஓட்டு கோடோவுக்கே.

எடுத்தவுடன் குருவியும் பன்றியும் வேண்டாம். முதலில் பத்துப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். நடுங்கிச் சரிந்தால் அளவையும் எடையையும் மாற்றுங்கள். ஆடாமல் நின்றுவிட்டால், கவணைக் கையில் எடுக்கலாம்.