வாடகைக்காக ஒரு வீடு: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

நாற்பது வயதுடைய வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் எங்கள் கிளைக்கு வந்தார். குடியிருக்கும் வீடு அவருக்குச் சொந்தம். மும்பையில் ஒரு பழைய கட்டிடத்தில் 60 லட்சம் ரூபாய்க்குச் சிறிய அடுக்குமாடி வீடொன்று விலைக்கு வந்திருந்தது. "கடனில் வாங்கி வாடகைக்கு விட்டால், வாடகையே தவணையைக் கட்டிவிடும் அல்லவா?" என்று கேட்டார். மகளின் கல்லூரிப் படிப்புக்கான வைப்புத்தொகையை முடித்து, அதை முன்பணமாகத் தர எண்ணியிருந்தார். விண்ணப்பப் படிவத்தை எடுக்கும் முன், இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம்.

கைப்பணம் எவ்வளவு?

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், வீட்டின் மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எனவே கடன் 48 லட்சம். கைப்பணம் 12 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இம்மதிப்பில் சேரா. தீர்வை 6 விழுக்காடு எனக் கொண்டால், மேலும் 3.6 லட்சம் கையிலிருந்தே தர வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 விழுக்காட்டு வரியைப் பிடித்தம் செய்து, விற்பவர் பெயரில் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

தவணையும் வாடகையும்

48 லட்சம் ரூபாய்க்கு 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். நம் நகரங்களில் ஆண்டு வாடகை பெரும்பாலும் வீட்டு விலையில் 2 முதல் 4 விழுக்காடுதான். 3 விழுக்காடு எனக் கொண்டால், மாத வாடகை 15,000 ரூபாய். எஞ்சிய 26,650 ரூபாயைச் சம்பளத்திலிருந்தே எடுக்க வேண்டும். குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, வீடு காலியாக இருக்கும் மாதங்கள் ஆகியவை தனி.

வரிச் சலுகை இதை ஈடுசெய்யுமா? முதலாண்டு வட்டி ஏறத்தாழ 4.05 லட்சம். ஆண்டு வாடகையான 1.8 லட்சத்தில் 30 விழுக்காடு நிலைக்கழிவு போக மிஞ்சுவது 1.26 லட்சம். ஆக, சுமார் 2.8 லட்சம் நட்டம். பழைய வரிமுறையில் இதில் 2 லட்சம் வரை சம்பள வருமானத்தோடு ஈடுகட்டலாம். புதிய வரிமுறையில் அதற்கு வழியில்லை.

பழுது எங்கே ஒளிந்திருக்கிறது?

பழைய வீட்டில் பெருஞ்செலவு கண்ணுக்குத் தெரியாது. புதிதாக வெள்ளையடித்த கூரைக்குப் பின்னே நீர்க்கசிவு இருக்கலாம். காங்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அது பூச்சு வேலையோடு முடியும் பழுதன்று. இயன்றால் மழைக்காலத்தில் ஒருமுறை வீட்டைப் பாருங்கள். மும்பை மாநகராட்சிச் சட்டம், 30 ஆண்டுகளைக் கடந்த கட்டிடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கையைக் கட்டாயமாக்கியுள்ளது. அவ்வறிக்கையையும், பெரும்பழுதுக்காக உறுப்பினர்களிடம் பணம் வசூலிக்கச் சங்கம் தீர்மானித்துள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

முன்கூறிய 30 விழுக்காட்டுக் கழிவு, பழுதுக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும் மூன்று லட்சம் செலவழித்தாலும் மாறாது. பழுதுபார்க்கக் கடன் வாங்கியிருந்தால், அதன் வட்டிக்கு மட்டும் தனியே கழிவு கோரலாம். புதுவீட்டுக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிவிக்கப்பட்டால், கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா?

அவ்வாறன்று. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளியைச் சம்பளம் தாங்க வேண்டும். ஆறு மாதத் தவணையும் ஒரு பெரும்பழுதுச் செலவும் கையிருப்பில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் உள்ளவர்களுக்கு வாடகை வீடு நல்ல சொத்தே. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் இல்லை என்பதும் அவர்களுக்குத் துணை.

அந்த வாடிக்கையாளர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகளின் வைப்புத்தொகை இன்றும் எங்கள் கிளையில் முதிர்வை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது. கடன் வழங்குவது எங்கள் பணிதான். ஆயினும் கட்ட இயலாத கடன் வாங்கியவருக்கும் சுமை, வழங்கியவருக்கும் சுமை. முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை கிளைக்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.