அடுப்படியே ஓர் ஆட்டமானால்...

"நாள் முழுக்க அந்தப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் கண் என்னத்துக்கு ஆகும், சாமி?"

போன பொங்கல் விடுமுறைக்குக் கல்லூரி விடுதியிலிருந்து எருமப்பட்டிக்கு வந்திருந்த என் மகனை இப்படித்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். வீடியோ கேம் என்றாலே துப்பாக்கியும் வெட்டுக்குத்தும்தான் என்பது என் அபிப்பிராயம். சகோதரிகளே, உங்களில் பலருக்கும் அப்படித்தானே?

"இதிலே சண்டையே இல்லைம்மா. நீயே வந்து பாரு. இட்லி வேகமாட்டேங்குது!" என்றான்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நிஜமாகவே திரையில் இட்லிப் பாத்திரம்!

அந்த விளையாட்டின் பெயர் 'வெண்பா'. பெரிய கம்பெனிச் சரக்கு அல்ல. கனடாவில் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. கதை 1988-ல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின், இவர்கள்தான் முக்கியப் பாத்திரங்கள். பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் யோசிக்கிற நேரத்தில் அவள் கர்ப்பமாக இருப்பது தெரிய வருகிறது.

வெண்பாவின் இடத்தில் நின்று சமைப்பது நாம்தான். அவளுடைய அம்மாவின் சமையல் புத்தகத்தில் அங்கங்கே எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாமே யோசித்துச் செய்யவேண்டும். அவசரம் இல்லை. தாயம் ஆடும்போது காய் நகர்த்துகிறவருக்காக மற்றவர்கள் காத்திருப்பார்களே, அது மாதிரி நாம் யோசித்து முடிக்கும்வரை ஆட்டம் காத்திருக்கிறது. தப்பாகப் போனால் மறுபடி செய்யலாம்.

"தட்டையெல்லாம் ஒரே மாதிரி அடுக்கினால் ஆவி எப்படிடா மேலே வரும்? ஒன்று விட்டு ஒன்று திருப்பி வை" என்றேன்.

"வெந்திருச்சும்மா!"

அதற்கப்புறம் எனக்கு எழுந்திருக்க மனசில்லை. முழு ஆட்டமே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். கவின் வளர வளர, அம்மா தமிழில் கேட்டால் அவன் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். வீட்டுச் சாப்பாடு அவனுக்குக் கூச்சமாகிவிடுகிறது. பெரியவனான பிறகு அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே சமைக்க உட்காருகிறான். தமிழ் எழுத்து அவனுக்குத் தடுமாறுகிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிவை நான் சொல்லப் போவதில்லை.

2024-ல் இந்த விளையாட்டுக்குப் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிசு கிடைத்தது. நம் வீட்டு இட்லியும் புட்டும் அவ்வளவு தூரம் போயிருக்கின்றன!

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வெண்பாவுக்காவது அழிந்துபோன புத்தகம் ஒன்று இருந்தது. எனக்கு? என் அம்மா சுடும் கச்சாயத்துக்கு எங்கள் சொந்தத்தில் தனிப் பேர். "இருக்கட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்" என்றே இருந்துவிட்டேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன தீபாவளிக்கு நான் சுட்டது எண்ணெயில் போட்டதுமே உதிர்ந்து போயிற்று.

மறுநாளே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "மாவு ஈரப் பச்சரிசி மாவா இருக்கோணும் கண்ணு. வெல்லப்பாகை ஒரு சொட்டு தண்ணியிலே விட்டா, கரையாமல் விரல்லே உருட்ட வரோணும். நீ அவசரப்பட்டு முன்னாடியே இறக்கியிருப்பே" என்றார்கள். அந்த நிமிஷமே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிவிட்டேன்.

அடுத்த பக்கத்தில் அரிசிம்பருப்புச் சோறு. பையன் படித்துப் பார்த்துவிட்டு, "ஆழாக்குன்னா எவ்வளவும்மா? 'பதம்'னு எழுதியிருக்கியே, எந்தப் பதம்?" என்று கேட்டானே பார்க்கலாம்! கவினுக்கும் இவனுக்கும் ரொம்ப தூரமில்லை என்று நெஞ்சு பக்கென்றது. ஆழாக்கை எடுத்துவந்து தண்ணீர் மொண்டு டம்ளரில் ஊற்றிக் காட்டினேன். டம்ளர் கணக்கையும் பக்கத்திலேயே அவன் கையால், தமிழிலேயே எழுத வைத்தேன்.

பிள்ளைகள் திரை முன்னால் உட்கார்ந்தால் திட்டுவதற்கு முன் ஒரு தரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நேரத்துக்குக் கணக்கு வையுங்கள். ராத்திரி படுக்கையில் வேண்டவே வேண்டாம். ஆனால் என்ன ஆடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பேசுவதற்கு ஒரு வழி கிடைக்கும். உங்கள் கைப்பக்குவத்தையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வருகிற தீபாவளிக்குக் கச்சாயம் சுடப்போவது அவன்தானாம். உதிர்ந்தால் உதிரட்டும். பக்கத்தில் நான் இருக்கிறேனே!