திருவையாறு ஆராதனைக்கு அறை தேடுகிறீர்களா? முதலில் மேப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் ரயில் டிக்கெட்டுக்கு அடுத்தபடியாகத் தேடுவது, வெளியூரில் தங்க வாடகை குறைந்த அறையைத்தான். இதில் நான் ஒருமுறை நன்றாகவே ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை; நானாக ஏமாந்ததுதான்.

திருவையாற்றில் காவிரிக் கரையில் நடக்கும் தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை நேரில் கேட்க வேண்டும் என்பது அம்மாவின் பல ஆண்டு ஆசை. திருவையாறு சிறிய ஊர். விழா நாட்களில் அங்கே அறை கிடைப்பது கடினம். எனவே 13 கிலோமீட்டர் தள்ளியுள்ள தஞ்சாவூரில்தான் பலரும் தங்குகிறார்கள். நானும் முன்பதிவுத் தளம் ஒன்றில் தஞ்சாவூர் என டைப் செய்து, வாடகை குறைந்தவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தினேன். ‘பஸ் ஸ்டாண்டு அருகில்’ என்றிருந்த அறையைக் கிளிக் செய்து பணமும் கட்டிவிட்டேன்.

தஞ்சாவூரில் பஸ் ஸ்டாண்டு இரண்டு! பெரிய கோயிலுக்கு நடந்து செல்லும் தூரத்தில் இருப்பது பழையது. திருவையாறு பஸ் கிளம்புவதும் அங்கிருந்துதான். புதியதோ ஊருக்குத் தெற்கே சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி உள்ளது. என் அறை புதியதன் அருகில். ஆட்டோ பிடித்து, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது முதலாவதான நாட்டை ராகக் கீர்த்தனை முடிந்துவிட்டிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது நான் வாடகையைப் பார்ப்பதற்கு முன் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்துவிடுகிறேன். விடுதியின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். பின் வழி காட்டும் பிரிவில் கிளிக் செய்து, கிளம்புமிடமாகத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு எனக் கொடுங்கள். நடந்து செல்வதற்கான படத்தைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை நிமிடம் எனத் தெரியும். முன்பதிவுத் தளங்கள் தரும் தூரம் பெரும்பாலும் நேர்கோட்டில் அளந்தது; சாலை வழியே அது கூடும். காந்திஜி சாலை, தெற்கு வீதிப் பக்கம் பார்ப்பது நல்லது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ காந்திஜி சாலையில் உள்ளது. கழகத்தின் தளத்திலேயே பதிவு செய்யலாம்.

தேதியையும் சரி பாருங்கள். ஆராதனை புஷ்ய மாதத் தேய்பிறை பஞ்சமியை ஒட்டி வருவதால் ஆங்கிலத் தேதி மாறிக்கொண்டே இருக்கும். 2024ல் பஞ்சரத்னம் பாடியது ஜனவரி 30. 2025ல் ஜனவரி 18. சென்ற ஆண்டுத் தேதியை நம்பிப் பதிவு செய்தவர்களும் உண்டு!

பட்டியலில் காட்டும் வாடகையில் பல நேரம் வரி சேர்ந்திருக்காது. பணம் கட்டும் பக்கம் வரை சென்று மொத்தத் தொகையைப் பார்த்து, பின் ஒப்பிடுங்கள். எந்தத் தேதி வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்பதும் அங்கே இருக்கும். விழாக் காலத்தில் இது முக்கியம்.

கடைசியாக, விடுதிக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். ‘24 மணி நேர வாடகையா, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா’ எனக் கேளுங்கள். இரவு ரயிலில் திரும்புபவர்களுக்கு இதில் ஒரு நாள் வாடகையே மிச்சமாகும். ஆனால் தேடலில் கிடைத்த ஏதோ ஒரு எண்ணை நம்பி முன்பணம் அனுப்ப வேண்டாம். விடுதியின் பெயரில் போலி எண் போட்டுப் பணம் பறிப்பவர்களும் இணையத்தில் இருக்கிறார்கள்.