சமசமாஜமும் பொதுவுடைமையும்

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாராளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளிவந்த பின்னர், வெள்ளவத்தையில் நடைபெறும் இலக்கண வகுப்பொன்றில் மாணாக்கன் ஒருவன் எழுந்து ஒரு வினா விடுத்தான். "ஐயா, சமதருமம், சமவுடைமை, சமசமாஜம், பொதுவுடைமை என்று நான்கு சொற்கள் வழங்குகின்றன. இவை ஒரு பொருள் குறித்த பல பெயர்களா? அன்றி வெவ்வேறு பொருளனவா?" அவன் கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவன். அவனுடைய பாட்டனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவராம். யாரேனும் அவரைக் 'கம்யூனிஸ்ட்' என்று சொல்லிவிட்டால், "நான் சமசமாஜக்காரன்" என்று சினந்து கொள்வாராம். பாட்டனார் சினந்ததன் காரணம் பேரனுக்கு விளங்கவில்லை.

நிகண்டுகளில் இதற்கு விடையில்லை. சொற்களின் வரலாற்றை ஆராயப் புகுந்தாலும் குழப்பமே மிகும். 'பொது உடைமை' என்னும் தொடரைப் பாரதியார் தம் பாட்டில் ஆண்டார். மாக்சும் எங்கெல்சும் 1848 இல் வெளியிட்ட பொதுவுடைமைக் கட்சி அறிக்கையைப் பெரியார் ஈ.வெ.ரா. 1931 இல் 'குடி அரசு' இதழில் தமிழாக்கி வெளியிடத் தொடங்கியபோது, அதற்கு இட்ட தலைப்போ 'சமதர்ம அறிக்கை' என்பது. இலங்கையில் 'சமசமாஜம்' என்ற வடமொழித் தொடர் கட்சிப் பெயராயிற்று. சிங்களவர்க்கும் தமிழர்க்கும் அஃது ஒருங்கே விளங்கிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் அதனை அறிந்தவர் அரியர்.

சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு இவ்வகைச் சிக்கல் புதிதன்று. நம் ஆசிரியர்கள் பிறர் கொள்கைகளைப் புறப்புறச் சமயம், புறச் சமயம், அகப்புறச் சமயம், அகச் சமயம் என நால்வகையாகப் பகுத்தனர். உலகாயதன் தொலைவில் நிற்பவன். அவனை இன்னான் என்று அடையாளங் காண்டல் எளிது. சிவசமவாதியோ நம் வீட்டுத் திண்ணையிலேயே இருப்பவன். அவன் உரையை மறுத்தற்குச் சிவஞான முனிவர் தனி நூலொன்றே இயற்ற வேண்டியதாயிற்று. மாக்சின் பெயரால் எழுந்த கட்சிகள் முதலாளிகளைக் காட்டிலும் ஒன்றையொன்று கடிந்து பேசியதன் காரணமும் இதுவே.

நிற்க. இக்கட்சியார் யாவர்க்கும் பொதுவாய கொள்கை ஒன்று உண்டு. நிலமும் ஆலையும் வங்கியும் சிலர் கையில் அகப்பட்டிருக்கும்வரை உழைப்பவன் வறியனாகவே இருப்பான். ஆதலின் அவை சமுதாயத்தின் உடைமையாதல் வேண்டும் என்பதே அது. எவ்வழியால், எப்பொழுது, யார் தலைமையில் என்று வினவும்போதுதான் வேற்றுமை தலைகாட்டுகின்றது.

மாக்ஸ் 1875 இல் ஜெர்மானியத் தொழிலாளர் கட்சியின் கோத்தாத் திட்டத்தைத் திறனாய்ந்து எழுதிய குறிப்புகளில், வரப்போகும் சமுதாயத்திற்கு இரு படிகள் கூறினார். முதற்படியில் ஒருவன் செய்த உழைப்பின் அளவே அவன் பெறும் பங்கின் அளவு. மேற்படியில் அவனவன் தேவையே அளவு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தின் நிறை பார்த்துக் காசு கொடுப்பது முதலாவதற்கு ஓரளவு ஒப்பு. கதிர்காம யாத்திரையில் அன்னதான மடத்திலே, "நீ என்ன வேலை செய்தாய்?" என்று கேளாமல் பசித்தவனுக்குப் பசித்தமட்டும் சோறு இடுவது இரண்டாவதற்கு ஒப்பு. லெனின் 1917 இல் எழுதிய 'அரசும் புரட்சியும்' என்னும் நூலில், முதற்படிக்குச் சமவுடைமை என்ற பெயரையும் மேற்படிக்குப் பொதுவுடைமை என்ற பெயரையும் வரையறுத்துக் கொண்டார். பொதுவுடைமைக் கட்சி ஆண்ட உருசிய நாடு தன்னைச் 'சோவியத்துச் சமவுடைமைக் குடியரசுகளின் ஒன்றியம்' என்று அழைத்துக்கொண்டது இதனாலேயே. 1991 இல் அவ்வொன்றியம் கலையும்வரை மேற்படியில் அது கால் வைக்கவில்லை.

இது படிவழி வந்த வேற்றுமை. நெறிவழி வந்த வேற்றுமை பிறிதொன்று. ஜெர்மனியில் பேண்ஸ்டைன் 1899 இல், புரட்சி வேண்டா, வாக்குரிமையாலும் சட்டத்தாலும் தொழிற்சங்கத்தாலும் சிறிது சிறிதாகவே சமவுடைமையை எய்தலாம் என்று எழுதினார். இங்கிலாந்தின் ஃபேபியன் சங்கத்தாரும் தொழிற்கட்சியினரும் நடந்த வழியும் அதுவே. 1914 இல் பெரும்போர் மூண்டபோது இவ்வழியினர் பலர் தத்தம் நாட்டரசின் பக்கம் சாய்ந்தனர். லெனின் அவர்களை வெறுத்து 1919 இல் மூன்றாம் அகிலத்தை நிறுவினார். அன்று தொட்டுச் சீர்திருத்த நெறியாளர் ஒருபுறம், புரட்சி நெறியாளர் ஒருபுறம் என இரு குலமாயினர்.

இவ்விரு குலமும் கொழும்பில் நேர்நின்று பொருத களம் வேறெங்குமன்று, வெள்ளவத்தைதான். 1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் வேலைநிறுத்தம் எழுந்தது. அங்கு உழைத்தவருள் பெருந்தொகையினர் மலையாளத்திலிருந்து வந்தவர். அந்நாளில் கொழும்புத் தொழிலாளரின் தனித் தலைவராக விளங்கியவர் ஏ.ஈ. குணசிங்க. அவர் எளியவரல்லர். 1923 இன் பொது வேலைநிறுத்தத்தையும் 1927 இன் துறைமுக வேலைநிறுத்தத்தையும் 1929 இன் டிராம் வண்டி வேலைநிறுத்தத்தையும் நடத்திய வீரர். பிரித்தானியத் தொழிற்கட்சியை முன்மாதிரியாகக் கொண்டு 1928 இல் இலங்கைத் தொழிற்கட்சியை அமைத்தவர். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் வாழ்ந்த துறைமுகக் கூலியாள் முதன்முதலாக நிமிர்ந்து நின்றது அவரால் என்றால் மிகையாகாது.

அத்தகையவர் 1933 இல் ஆலைத் தொழிலாளர் பக்கம் நிற்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலை அருகிய காலம் அது. இருக்கும் வேலை சிங்களவர்க்கே உரியது, மலையாளிகள் திரும்பிப் போகட்டும் என்ற குரல் நகரில் எழுந்தது. குணசிங்கவின் குரலும் அதனோடு சேர்ந்தது. ஆலைத் தொழிலாளர்க்குத் துணையாய் வந்தவர்கள் மேனாட்டிற் கற்று மீண்ட இளைஞர்கள். அவர்தம் சங்கத்தின் தலைமையை ஏற்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. உழைப்பாளிக்கு இனமில்லை, மலையாளியும் சிங்களவரும் ஒரே வருக்கம் என்பது அவ்விளைஞரின் கட்சி. வேலைநிறுத்தத்தால் விளைந்த ஊதியம் பெரிதன்று. ஆயினும் 1935 டிசெம்பர் 18 ஆந் திகதி கொழும்பிலே கூடி இலங்கைச் சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவருள் இவ்விளைஞர் பலர் இருந்தனர். பிலிப் குணவர்த்தன, என்.எம். பெரேரா, கொல்வின், லெஸ்லி குணவர்த்தன, டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க முதலியோர் அப்போது ஓரணி.

ஓரணி ஈரணி ஆனது உருசிய நாட்டு வழக்கொன்றினால். லெனின் 1924 இல் மறைந்தபின், ஒரு நாட்டளவிலேயே சமவுடைமையைக் கட்டி முடிக்கலாம் என்றார் ஸ்டாலின். துரொட்ஸ்கியோ, உலகெங்கும் புரட்சி தொடர்ந்து படர்ந்தாலன்றி ஒரு நாட்டுப் புரட்சி நிலைக்காது என்றார். பின்தங்கிய நாடுகளில் முதலாளி வருக்கத்தை நம்பிக் காத்திராமல் தொழிலாளரே முன்சென்று முடிக்க வேண்டும் என்பதும் அவர் கொள்கை. இதனை நிரந்தரப் புரட்சி என்பர். கேட்பவர்க்கு இஃது ஏட்டுச் சண்டையாகத் தோன்றும். ஆனால் இதிலிருந்து பிறக்கும் வினா ஒன்று உண்டு. மாஸ்கோவின் நலமும் இலங்கைத் தொழிலாளியின் நலமும் முரணினால் கட்சி எதன்பால் நிற்பது?

அவ்வினா விரைவிலேயே வந்து கதவைத் தட்டிற்று. சமசமாஜத் தலைவருட் பெரும்பாலோர் துரொட்ஸ்கியின் பக்கமாயினர். ஸ்டாலினை ஏற்ற விக்கிரமசிங்க, பீற்றர் கெனமன், அ. வைத்திலிங்கம் முதலியோர் 1940 இல் வெளியேற்றப்பட்டனர். 1943 யூலை 3 ஆந் திகதி அவர்கள் இலங்கைப் பொதுவுடைமைக் கட்சியை நிறுவினர். 1941 யூனில் ஹிட்லர் சோவியத்து நாட்டின்மேற் படையெடுத்த பின்னர், பொதுவுடைமையாளர்க்கு அப்போர் மக்கள் போராயிற்று. சமசமாஜத்தார்க்கு அது வல்லரசுகளின் போராகவே இருந்தது. பிலிப், என்.எம்., கொல்வின் ஆகியோர் 1940 யூனிலேயே சிறைப்பட்டு, 1942 ஏப்பிரலில் கண்டிச் சிறையினின்றும் தப்பியோடித் தலைமறைவாயினர். ஒரு கட்சியார் ஒளிந்து திரிய மறு கட்சியார் வெளிப்படையாகச் சங்கம் கட்டினர். மாணாக்கனின் பாட்டனார் சினத்திற்கு வேர் இங்கேதான் இருக்கின்றது என்று எண்ணுகின்றேன்.

இனித் தமிழர்க்கு இவ்வேற்றுமைகளால் ஆயது யாது? கொள்கையளவில் ஒன்று உண்டு. தேசிய இனங்கட்குத் தன்னாட்சி உரிமை உண்டு என்ற லெனினியப் பாடத்தைப் பின்பற்றி, பொதுவுடைமைக் கட்சி 1944 இலேயே சிங்களவரையும் தமிழரையும் தனித்தனித் தேசிய இனத்தவராக ஏற்றது. சமசமாஜக் கட்சி அவ்வாறு பிரித்துப் பேசவில்லை. இரு மொழிக்கும் சம உரிமை என்றே நின்றது. செயலளவில் இரு கட்சியும் ஒருங்கே நின்ற காலம் அது. 1948 இல் மலைநாட்டுத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டத்தை இரண்டும் எதிர்த்தன. 1956 யூனில் தனிச் சிங்களச் சட்டத்தையும் இரண்டும் எதிர்த்து வாக்களித்தன. பருத்தித்துறையின் பொதுவுடைமை உறுப்பினர் பொ. கந்தையா தமிழறிஞரும் ஆவார். அன்று அவர் பாராளுமன்றில் நிகழ்த்திய உரை பலராலும் போற்றப்படுவது. அன்றைய வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியின் உறுப்பினர் கொல்வின். ஒரு மொழியாயின் நாடு இரண்டாகும், இரு மொழியாயின் நாடு ஒன்றாகும் என்ற கருத்தை அவர் அழுத்தந்திருத்தமாக உரைத்ததைத் தமிழர் இன்றும் எடுத்துக் கூறுவர். பிலிப் குணவர்த்தன மட்டும் 1950 இலேயே பிரிந்து தனிக் கட்சி கண்டு, 1956 இல் பண்டாரநாயக்கவுடன் சேர்ந்து அச்சட்டத்தை ஆதரித்தார். துரொட்ஸ்கியின் நூல்களை அவர் கொல்வினுக்குக் குறைவாகப் படித்தவரல்லர்.

அதன்பின் நிகழ்ந்தனவே நெஞ்சை உறுத்துவன. 1964 இல் என்.எம். பெரேரா சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் நிதியமைச்சரானார். நான்காம் அகிலம் கட்சியை விலக்கிற்று. எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு முதலியோர் பிரிந்து போயினர். 1966 சனவரி 8 ஆந் திகதி, தமிழ் மொழிப் பயன்பாட்டிற்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் நடந்தது. சுதந்திரக் கட்சியுடன் சமசமாஜமும் பொதுவுடைமையும் அவ்வூர்வலத்தில் கைகோத்துச் சென்றன. கொள்ளுப்பிட்டியில் பொலிசார் சுட்டதில் பௌத்த துறவி ஒருவர் உயிரிழந்தார். கால் நூற்றாண்டு மாஸ்கோ என்றும் மெக்சிக்கோ என்றும் பொருத இரு கட்சியாரும் ஒன்றுபட்ட நாள் அது. ஒன்றுபட்டது தமிழுக்கு எதிராக. 1972 இன் குடியரசு யாப்பு சிங்களத்திற்கு அரசகரும மொழி என்ற இடத்தை யாப்பிலேயே உறுதி செய்தது. அதற்குப் பொறுப்பான அமைச்சர் முன்னாள் வெள்ளவத்தை உறுப்பினர் கொல்வின்.

எனவே ஸ்டாலின், துரொட்ஸ்கி வேற்றுமையைக் காட்டிலும் முன்னைய வேற்றுமையே, அதாவது வாக்குவழியா புரட்சிவழியா என்பதே, எம் தலைவிதியைத் தொட்டது எனத் தோன்றுகின்றது. 1933 இல் குணசிங்கவைச் சீர்திருத்தவாதி என்று இகழ்ந்தவர்கள் 1964 இல் அவர் நடந்த வழிக்கே வந்து சேர்ந்தனர். வாக்கை எண்ணத் தொடங்கியவுடன் பெரும்பான்மையோரின் முகம் நோக்க வேண்டியதாயிற்று. ஆலையில் மலையாளிக்கு நேர்ந்தது கொள்ளுப்பிட்டியில் தமிழுக்கு நேர்ந்தது.

இவ்வாறு முடிப்பது அழகாகத்தான் இருக்கும். உண்மை அதற்கு இடந்தரவில்லை. வாக்கை வேண்டாது துப்பாக்கி ஏந்திய மக்கள் விடுதலை முன்னணி, 1971 கிளர்ச்சிக்கு முன் தன் இளைஞர்க்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்றில் 'இந்திய விரிவாதிக்கம்' என்ற பெயரால் தோட்டத் தமிழரையும் ஐயத்திற்கு உரியவராக்கிற்று. மறுபுறம், வாக்குவழியை மறுத்துப் பீக்கிங் சார்பில் நின்ற நா. சண்முகதாசனின் கட்சியாரோ, யாழ்ப்பாணத்தில் தீண்டாமையை எதிர்த்து 1966 இல் சுன்னாகத்தில் ஊர்வலம் சென்றனர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்திற்கும் துணைநின்றனர். சைவமும் தமிழும் வளர்த்த நம் பெரியோருட் பலர் அந்நாளில் வாயடைத்திருந்தனர் என்பதை என் போன்ற பண்டிதர்கள் மறைத்துப் பயனில்லை.

வகுப்பில் நான் இவ்வளவும் சொல்லவில்லை. வ. காராளசிங்கத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் சமசமாஜத் தமிழர், வழக்கறிஞர். தமிழ் பேசும் மக்களுக்கு விடிவு இடதுசாரிகளோடு சேர்வதில்தான் என்று 1963 இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். மறு ஆண்டிலேயே கட்சி கூட்டரசிற் புகுந்தது, அவர் வெளியேறினார். 1966 இல், அவ்வூர்வலம் நடந்த அதே ஆண்டில், பழைய கட்சிக்கே திரும்பினார்.

"ஏன் ஐயா திரும்பினார்?" என்று கொட்டாஞ்சேனை மாணாக்கன் கேட்டான். அவனுடைய பாட்டனார் 1966 இன் பின்னரும் கட்சியில் இருந்தாரா என்று நான் கேட்டேன். இருந்தாராம், இறக்கும்வரை.