‘ஹதியா’ என்று சொன்னால் வரி இல்லையா?



இலண்டனில் மாலை 6 மணியாகும்போது எமது நாட்டில் இரவு 10.30. அங்கு குளிர்காலமானால் 11.30. அந்நேரத்திலும் எமது ஊர்களில் சில வீடுகளில் விளக்கு எரிகின்றது. மௌலவியொருவரோ மௌலவியாவொருவரோ கணினியின் முன் அமர்ந்து, கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கின்றார். மாத முடிவில் அதற்கான காசு வங்கிக்கு வந்து சேர்கின்றது. மத்ரஸாச் சம்பளத்தில் குடும்பம் நடத்தச் சிரமப்படும் பலருக்கு இது அல்லாஹ் திறந்துவிட்ட வாசல். அல்ஹம்துலில்லாஹ்.

இந்தக் காசுக்கு வருமான வரி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். “இது ஹதியாதானே ஹஸ்ரத்!” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

குர்ஆனைக் கற்பிப்பதற்குக் கூலி பெறலாம் என்பது எமது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. பிற்கால ஹனபி அறிஞர்களும் அதை அனுமதித்துள்ளனர். எனவே கூலியைக் கூலி என்று சொல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. மாதம் இவ்வளவு, வாரத்திற்கு இத்தனை நாள் என்று பேசிக்கொள்கின்றோம். இரண்டு மாதம் காசு வராவிட்டால் வகுப்பை நிறுத்துகின்றோம். வரி என்றதும் மாத்திரம் அதற்கு ஹதியா என்று பெயர் சூட்டுகின்றோம்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இப்னுல் லுத்பிய்யா என்பவர் ஸகாத் சேகரிக்க அனுப்பப்பட்டார். திரும்பி வந்தவர், ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, மற்றது தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபியவர்கள் அவரைக் கண்டித்தார்கள். புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான சம்பவம் இது. அது அதிகாரிகளைப் பற்றியது, உண்மைதான். ஆனாலும் அந்த அளவுகோலை எமது ‘ஹதியா’வின் மீதும் ஒருமுறை வைத்துப் பார்ப்பதில் தவறில்லையே!

சரி, சட்டம் என்ன சொல்கின்றது? வெளிநாட்டவருக்குச் சேவை வழங்கி, வெளிநாட்டு நாணயத்தில் வங்கியினூடாகப் பெறும் வருமானத்திற்கு 2025 மார்ச் 31 வரை விலக்களிப்பு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நீக்கப்பட்டு, கூடியபட்சம் நூற்றுக்கு 15 வரி வந்துள்ளது. அதற்கு முன்பே வகுப்பு நடத்தத் தொடங்கிய பலர் பழைய சலுகை இன்னும் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள்.

பயப்பட வேண்டாம். அதே நாளிலிருந்து தனிநபர் நிவாரணமும் ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்திற்கு வரி நூற்றுக்கு 6 மாத்திரமே. கணவனும் மனைவியும் வெவ்வேறாகவே கணிக்கப்படுவர். மனைவியின் உழைப்பு மனைவிக்கே சொந்தம் என்று ஷரீஅத்தும் சொல்கின்றதல்லவா? கணவர் மாதம் 130,000 ரூபாவும் மனைவி வகுப்பு நடத்தி 60,000 ரூபாவும் உழைத்தால், இருவரில் எவருக்கும் வரியில்லை.

சிக்கல் இருப்பது ஒருவரே இரண்டு வழியில் உழைக்கும்போதுதான். பகலில் தனியார் பாடசாலையில் 130,000 ரூபா சம்பளம். மாதம் 150,000 ரூபாவுக்குக் குறைவு என்பதால் அங்கே எதுவும் கழிப்பதில்லை. இரவு வகுப்பில் 45,000 ரூபா. அதுவும் சிறு தொகைதானே என்று இரண்டையும் தனித்தனியே பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகின்றார். சட்டமோ இரண்டையும் கூட்டியே பார்க்கும். இணையக் கட்டணம், மின்சாரம் என வகுப்புக்காகவே செலவான 5,000 ரூபாவைக் கழித்தால் மீதி 40,000. ஆண்டுக்கு 480,000. சம்பளம் 1,560,000. மொத்தம் 2,040,000. நிவாரணம் போக 240,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 6 வீதம் 14,400 ரூபா. மாதம் 1,200 ரூபாதான். இதற்காகவா ஒரு ஹாபிழ் பொய் சொல்ல வேண்டும்?

“வரியே ஹராம், அது மக்ஸ்” என்று வாதிடுவோரும் உள்ளனர். அநியாய வரி கண்டிக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் பொதுநிதி வெறுமையாகி நாட்டுக்குத் தேவை ஏற்படும்போது வசதியுள்ளோரிடம் அறவிடலாம் என்று இமாம் கஸ்ஸாலியும் இமாம் ஷாதிபியும் கூறியுள்ளனர். 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு வெறுமையான திறைசேரி எப்படியிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. வீதம் கூடுதல் என்றால் முறைப்பாடு செய்யலாம். விபரத்திரட்டில் பொய் எழுத முடியாது.

வரி கட்டியவர் ஸகாத்தும் கொடுத்துவிட்டதாக எண்ணக் கூடாது. ஆண்டில் உழைத்ததற்கு வரி. நிஸாபை, அதாவது 85 கிராம் தங்கத்தின் பெறுமதியை அடைந்து, ஒரு வருடம் கையிருப்பில் இருந்த பணத்திற்கு நாற்பதில் ஒன்று ஸகாத். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இதற்கெல்லாம் ஒரு கொப்பி போதும். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதுதானே. திகதி, எந்தப் பிள்ளை, எவ்வளவு, எந்தச் செலவு என்று எழுதி வாருங்கள். ஊருக்கு வரும் உறவினர் கையில் கொடுத்தனுப்பும் காசையும் விட்டுவிடாதீர்கள். கணக்கு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வரிக்குரியவர் அதற்கடுத்த நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திற்கு விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்.

இவற்றைச் சொன்னபோது ஒரு மௌலவியா சகோதரி கேட்டார். மகள் குர்ஆனை முடித்து இரண்டு வருடமாகியும், ஒரு தாய் ஒவ்வொரு ரமழானிலும் அவருக்கு ஒரு சால்வை அனுப்புகின்றாராம். அதையும் எழுத வேண்டுமா என்றார். வேண்டியதில்லை, அதுதான் ஹதியா என்றேன்.