முதலில் சொன்ன எண் சம்பளத்தை எப்படி இழுக்கிறது?

1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து, பினாங்குப் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை அங்கேதான். தண்ணீர்மலையிலிருந்தும் பலர் போகிறார்கள். அங்கே விண்ணப்பிக்கும்போது படிவத்தில் பெரும்பாலும் இரண்டு கட்டங்கள் இருக்கும்: ‘இப்போதைய சம்பளம்’, ‘எதிர்பார்க்கும் சம்பளம்’. யோசிக்காமல் நிரப்பிவிடாதீர்கள். அங்கே எழுதும் எண்தான் பிறகு நடக்கும் பேச்சை இழுத்துச் செல்லும். உளவியலில் இதற்கு ‘நங்கூர விளைவு’ என்று பெயர்.

கடலில் நங்கூரமிட்ட கப்பலைப் பார்த்திருப்பீர்கள். நீரோட்டத்திற்கேற்பத் திரும்பும், ஆனால் சங்கிலியின் நீளத்தைத் தாண்டாது. முதலில் கேட்ட எண்ணும் மூளையில் அப்படித்தான் இறங்கிவிடுகிறது.

அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற உளவியலாளர்கள் 1974இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை விவரித்தார்கள். முதலில் எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் மதிப்பீடு நடுத்தரமாக 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களுக்கோ 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அப்படியும் எண் இழுத்துவிட்டது.

சம்பந்தமில்லாத எண்ணுக்கே இந்தச் சக்தி என்றால், பழைய சம்பளத்துக்கு எவ்வளவு இருக்கும்! முதல் வேலையில் குறைவாக வாங்கியவர் அடுத்த வேலையிலும் அந்த எண்ணாலேயே அளக்கப்படுகிறார். அதனால்தான், சம்பளத்தோடு வேலையை உறுதி செய்யும் முன் பழைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் சட்டம் இயற்றியது.

இதில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே வேலைக்கு ஒருவர் 2,800 ரிங்கிட்டுக்கும் மற்றவர் 3,100 ரிங்கிட்டுக்கும் சேருகிறார்கள். இருவருக்கும் ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 ரிங்கிட் வித்தியாசம், பத்து ஆண்டுகளில் சுமார் 45,000 ரிங்கிட் ஆகிவிடும். முதலாளி செலுத்தும் 13 விழுக்காடு ஊழியர் சேமநிதியில் மேலும் 5,900 ரிங்கிட் அளவுக்குக் குறையும்.

நங்கூரத்தைத் தூக்க வழி உண்டா? உண்டு. கலின்ஸ்கி, முஸ்வைலர் என்ற ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், முதல் விலையைச் சொன்னவருக்கே முடிவு சாதகமாக அமைந்தது. ஆனால் தன் இலக்கை மனத்தில் வைத்துப் பேசியவரிடம் அந்த இழுப்பு பலிக்கவில்லை. ஆகவே நேர்முகத்துக்கு முன்பே மூன்றைச் செய்யுங்கள்.

ஒன்று, பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் அதே வேலைக்குப் பினாங்கில் என்ன சம்பளம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டு, உங்கள் இலக்கையும், அதற்குக் கீழே இறங்க முடியாத எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று, அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகப் பாருங்கள். ஓவர்டைமுக்கும் போக்குவரத்து அலவன்சுக்கும் சேமநிதி கட்டாயமில்லை. மொத்தத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் சேமிப்பு சிறுத்துவிடலாம்.

‘கேட்டால் வேலை போய்விடுமோ’ என்ற பயம் நம் வீடுகளில் அதிகம். மரியாதையாகவும் காரணத்தோடும் கேட்பது குற்றமல்ல. “வாய்ப்புக்கு நன்றி. இந்த இயந்திரத்தில் எனக்கு ஈராண்டு அனுபவம் இருக்கிறது. 3,200 ரிங்கிட்டாகப் பரிசீலிக்க முடியுமா?” இவ்வளவு போதும். சொன்ன பிறகு பேசாமல் காத்திருங்கள். அவசரப்பட்டு நீங்களே எண்ணைக் குறைக்காதீர்கள்.

சில நிறுவனங்களில் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டிருக்கும், மாற்ற மாட்டார்கள். அப்போது, சோதனைக் காலம் முடிந்ததும் சம்பளத்தை மறுபடி பார்ப்பார்களா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அதை வேலைக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்திடுங்கள்.